வலிக்காத சிகிச்சை: ட்ரைக்கோ எந்திரமும் அதன் முன் உட்கார்ந்த பெண்களும்

1896 பிப்ரவரி. எக்ஸ் கதிர் என்று ஒன்று இருப்பதே வெளியுலகுக்குத் தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. ஒரு குழந்தையின் தலையில் குண்டு பாய்ந்திருக்கிறது, அது எங்கே தங்கியிருக்கிறது என்று இந்தப் புதுக் கதிரால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. குழந்தையிடம் போவதற்கு முன் பெரியவர் ஒருவர் தலையில் சோதித்துவிடலாம் என்று இயற்பியல் பேராசிரியர் ஜான் டேனியல் நினைத்தார். வேதியியல் பேராசிரியர் வில்லியம் டட்லி தன் தலையைக் கொடுத்தார். குழாய்க்கும் தலைக்கும் அரை அங்குல இடைவெளி. ஒரு மணி நேரம். படம் விழவே இல்லை. சோதனை வீண் என்று விட்டுவிட்டார்கள். 21 நாள் கழித்து, கதிர் பட்ட இடத்தில் இரண்டு அங்குல வட்டத்துக்கு டட்லியின் முடி மொத்தமாகக் கொட்டியது.

டேனியல் இதைக் கடிதமாக எழுத, அந்த ஏப்ரலிலேயே 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. வழுக்கை விழுந்த இடத்தில் தோல் நன்றாகவே இருக்கிறது, வலி ஏதும் இல்லை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். அவர் எழுதியது பொய் இல்லை. அன்று அப்படித்தான் இருந்தது. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரு எந்திரத்தின் முன் போய் உட்கார்ந்ததற்கு இந்த இரண்டு செய்திகள்தான் காரணம்: முடி போகிறது, வலிக்கவில்லை.

எந்திரத்தின் பெயர் ட்ரைக்கோ. முடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். முடி நீக்கத்தின் வரலாற்றில் இதைவிடக் கொடிய முறைகளும் இருந்திருக்கின்றன. ஆனால் ஒரு முறை பாதுகாப்பானதா என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதை இந்தக் கேஸ் அளவுக்கு வேறு எதுவும் காட்டிக்கொடுப்பதில்லை.

மூன்று வாரக் கணக்கு

நம் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன தண்டு, அவ்வளவுதான். உயிர் இருப்பது தோலுக்குள்ளே, மயிர்க்காலில். அதன் அடியில் வெங்காயக் குமிழ் போன்ற ஒரு பகுதி உண்டு. அங்கே இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிளந்து பெருகுபவற்றில் சேர்ந்தவை. ஒவ்வொரு மயிர்க்காலும் முறை வைத்து வேலை செய்கிறது. கொஞ்ச காலம் வளர்நிலை, பிறகு சுருங்குநிலை, பிறகு ஓய்வுநிலை, மறுபடி வளர்நிலை. தலையில் எந்த நேரத்தில் பார்த்தாலும் 85 முதல் 90 சதவீதம் முடி வளர்நிலையில் இருக்கும். கை கால்களில் அந்தப் பங்கு வெகுவாகக் குறையும்.

வேகமாகப் பெருகும் செல்லைத்தான் கதிர் முதலில் அடிக்கும். பெர்கோனியே, ட்ரிபோண்டோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1906இல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார்கள். குமிழில் உள்ள செல்கள் அடிபட்டால் தண்டு மெலியும், பிடி தளரும், இரண்டு மூன்று வாரத்தில் தானாக உதிரும். டட்லியின் 21 நாள் கணக்கு அதுதான். புற்றுநோய்க்காகத் தலையில் கதிர் சிகிச்சை எடுப்பவர்களுக்கு முடி கொட்டுவதும் இதே வழியில்தான்.

இன்றைய அளவுகளில் சொன்னால் (உடம்பு உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு கிரே), ஒரே தடவையில் சுமார் 3 கிரே கதிர் பட்டால் முடி கொட்டிப் பிறகு முளைக்கும். 6 கிரே வாக்கில் தோல் நன்றாகச் சிவக்கும். 7 கிரே தாண்டினால் முடி திரும்ப வராது. 10 கிரே தாண்டினால் ஓராண்டோ அதற்கும் மேலோ கழித்துத் தோல் காகிதம் போல மெலியும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிலந்தி வலையாக மேலே தெரியத் தொடங்கும். இந்த வரிசையை இன்னொரு முறை படியுங்கள். முடி நிரந்தரமாகப் போகும் அளவை எட்டுவதற்கு முன்பே தோல் சிவந்துவிடுகிறது. நிரந்தர முடி நீக்கத்துக்கும் நிரந்தரத் தோல் சேதத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகிய சந்து. அதற்குள் வண்டி ஓட்ட வேண்டுமானால் முதலில் அளக்கத் தெரிய வேண்டும்.

அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள் தெரியுமா? பாரிஸில் ரேமோன் சபூரோ என்ற தோல் மருத்துவர், குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்குக் கதிர் வைத்து முடி உதிரச் செய்து சிகிச்சை செய்துவந்தார். அவரும் அவருடைய உதவியாளர் நுவாரேவும் 1904 வாக்கில் ஒரு சிறு வில்லையைக் கொண்டுவந்தார்கள். கதிர் படப் பட அதன் பச்சை நிறம் பழுப்பாக மாறும். குறிப்பிட்ட ஒரு பழுப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தலை முடி உதிர்வதற்குப் போதுமான கதிர் அது. இன்னும் சிலர் தோல் எப்போது சிவக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்தார்கள். அதாவது முடி உதிர்வதும் தோல் சிவப்பதும் சிகிச்சையின் விளைவு மட்டுமில்லை, அவையே மீட்டர். ராண்ட்கன் என்ற பொது அலகை உலகம் ஏற்றுக்கொண்டது 1928இல், ஸ்டாக்ஹோம் மாநாட்டில். ட்ரைக்கோ கடை திறந்தது அதற்கு முன்பே.

வியன்னாவில் ஒரு முதுகு

டட்லியின் வழுக்கைச் செய்தி கடல் கடந்து போனது. வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற இளம் மருத்துவர் இப்படி முடி கொட்டியதைக் கேள்விப்பட்டு, இதை வைத்தியமாக மாற்ற முடியுமா என்று யோசித்தார். 1896 இறுதியில் அவரிடம் ஒரு சிறுமி வந்தாள். ஐந்து வயதிருக்கும். முதுகு முழுக்க முடி அடர்ந்த பெரிய கறுப்பு மச்சம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாளுக்கு மேல் கதிர் வைத்தார். முடி கொட்டியது. மகிழ்ந்து போய் அடுத்த பகுதிக்கும் வைத்தார். அங்கே புண் வந்தது. ஆழமான, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்.

1897இல் அவர் இதைப் பிரசுரித்தபோது எக்ஸ் கதிர் சிகிச்சை என்ற துறையே பிறந்தது என்பார்கள். இருக்கலாம். அந்தத் துறையின் முதல் கேஸிலேயே முடி உதிர்வும் ஆறாத புண்ணும் ஒரே முதுகில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பதும் உண்மை. அந்தச் சிறுமியிடம் பிறகு திரும்பி வருகிறேன்.

அதற்கப்புறம் செய்திகள் வரிசையாக வந்தன. 1902இல் ஹாம்பர்க்கில் எக்ஸ் கதிர்க் குழாய்த் தொழிற்சாலைப் பணியாளர் ஒருவரின் கையில் வந்த புற்றுநோயை ஃப்ரீபென் என்பவர் மருத்துவச் சங்கத்தில் காட்டினார். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கைகளை ஒவ்வொன்றாக இழந்து 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். 1910 வாக்கில் கவனமுள்ள தோல் மருத்துவர்கள் பலர் முகத்து முடிக்கு எக்ஸ் கதிர் வைப்பதை விட்டிருந்தார்கள். நிரந்தரமாக எடுக்க வேண்டுமானால் தோலைக் கெடுக்காமல் முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

ஆகவே "அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, பாவம்" என்று இந்தக் கதையைத் தொடங்க முடியாது. தெரிந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எந்திரம்

ஆல்பர்ட் கைசர் நியூயார்க் மருத்துவர். தெருவோர மருந்து வியாபாரி இல்லை, எக்ஸ் கதிரில் நீண்ட அனுபவம் உள்ளவர். 1910க்கு முன்பே 'கார்னெல் குழாய்' என்று ஒன்றைச் செய்திருந்தார். குழாயின் உடம்பு முழுக்கக் கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடி, ஒரு முனையில் மட்டும் கதிர் வெளியேறச் சாதாரணக் கண்ணாடியில் ஒரு சிறு சாளரம். தீக்காயம் வராத குழாய் என்பது அவருடைய வாதம். 1920களின் நடுவில் அதே நம்பிக்கையை ட்ரைக்கோவில் கொண்டுவந்தார். ஒரு வித்தியாசம்: இந்த முறை எந்திரம் போய் நின்ற இடம் மருத்துவமனை இல்லை, அழகு நிலையம். 1925 வாக்கில் 75க்கும் மேற்பட்ட இடங்களில் ட்ரைக்கோ ஓடிக்கொண்டிருந்தது. இயக்கியவர்கள் அழகு நிலையப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது சில வாரப் பயிற்சி.

ஒரு வாடிக்கையாளருக்கு அது எப்படி இருந்திருக்கும்? நல்ல மர வேலைப்பாடு செய்த பெட்டி. அதன் முன் நாற்காலி. மேலுதட்டுக்கோ தாடைக்கோ பொருந்தும் சிறு வாய். இயக்குபவர் விசையைப் போடுகிறார். ஒரு மெல்லிய ரீங்காரம், காற்றில் லேசாக ஓசோன் வாடை. மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, களிம்பு இல்லை, சூடுகூட இல்லை. வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். இப்படிப் பதினைந்து, இருபது தடவை. முடி உதிரத் தொடங்கும். தோல் மழமழவென்று இருக்கும்.

தவணை முறை இங்கே முக்கியம். வளர்நிலையில் இல்லாத மயிர்க்கால்கள் முதல் தடவையில் தப்பிவிடும் என்பதால் பல தடவை தேவைப்பட்டது, அது சரி. ஆனால் அதே தவணை முறை இன்னொரு வேலையையும் செய்தது. ஒவ்வொரு தடவையும் தோல் சிவக்காத அளவில் கதிர் கொடுத்தால், அபாய மணி அடிக்கவே அடிக்காது. மொத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும். அந்தக் காலத்தில் தோல் சிவப்பதையே சிலர் கதிரை அளக்கும் மீட்டராக வைத்திருந்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? ட்ரைக்கோ அந்த மீட்டரை ஓடவிடாமல் வைத்துவிட்டு, அது ஓடவில்லை என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டியது. கைசர் மோசடிக்காரரா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அவர் தன் எந்திரத்தை நம்பினார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஏன் போனார்கள்

இதை அழகு மோகம் என்று தள்ளிவிடுவது எளிது. அன்றைய மாற்று வழிகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

பெண்களுக்கென்றே தனிச் சவரக் கத்தியை ஜில்லெட் நிறுவனம் 1915இல் கொண்டுவந்தது. அக்குளுக்கு அது சரி, முகத்தைச் சவரம் செய்துகொள்வதைப் பெண்கள் வெளியே சொல்லவே கூசினார்கள். கந்தகச் சேர்மங்கள் கலந்த முடி நீக்கும் பொடிகள் அழுகிய முட்டை நாற்றம் அடித்தன, கொஞ்சம் அசந்தால் தோலையே அரித்தன. மின்னூசி முறை இருந்தது. செயின்ட் லூயிஸ் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் இமை முடிகளை எடுக்க 1875இல் வெளியிட்ட முறை அது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் பாய்ச்சி வேரைக் கொல்ல வேண்டும். வேலை செய்யும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு முடி. தாடை நிறைய முடி இருக்கும் பெண்ணுக்கு அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் வலி.

இந்தப் பெண்களில் பலருக்கு இருந்தது வெறும் பூனை மயிர் இல்லை. இன்று இரண்டு சொற்களைப் பிரித்துப் பேசுகிறோம். உடம்பில் எங்கேயாவது வழக்கத்துக்கு மேல் முடி வளர்ந்தால் அது ஹைப்பர்ட்ரைக்கோசிஸ். ஆண்களுக்கு முடி வரும் இடங்களில், அதாவது தாடை, மேலுதடு, மார்பு, அடிவயிறு போன்ற இடங்களில், பெண்ணுக்குக் கறுத்த தடித்த முடி வந்தால் அது ஹிர்சூட்டிசம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன் காரணம், அதன் பின்னால் பல நேரம் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும். 1920களில் மருத்துவர்களே இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பினார்கள். பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கவேண்டிய இடத்தில், முகத்து முடிக்கு மட்டும் வழி தேடினார்கள். அந்த வழியையும் மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட்டவர்கள்தான் அழகு நிலையத்தின் பின் அறைக்குப் போனார்கள்.

எக்ஸ் கதிருக்கு அன்று இருந்த மவுசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் செருப்புக் கடைகளில்கூட எக்ஸ் கதிர்ப் பெட்டி இருந்தது. குழந்தைகள் அதில் காலை விட்டுத் தங்கள் விரல் எலும்புகளைப் பார்த்துச் சிரித்தார்கள். விஞ்ஞானம் என்றாலே அப்போது பளபளப்பு.

பின் நடந்தது

முதலில் எதுவும் நடக்கவில்லை. கேஸின் மையமே அதுதான்.

பிறகு, மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, கதிர் பட்ட இடம் மட்டும் வயதாகத் தொடங்கியது. முப்பது வயதுப் பெண்ணின் தாடையில் மட்டும் அறுபது வயதுத் தோல். சுருக்கம், வெள்ளைத் திட்டு, கறுப்புத் திட்டு, சிவப்புக் கோடுகளாக ரத்தக் குழாய்கள், தடித்துச் சொரசொரப்பான புள்ளிகள். தோல் மருத்துவத்தில் இதற்கு நாட்பட்ட கதிர்த் தோலழற்சி என்று பெயர். அந்தத் தடித்த புள்ளிகள் கெரட்டோசிஸ். அவற்றில் சில ஆறாத புண்ணாகும், அதில் சில புற்றாகும்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் புலனாய்வுப் பிரிவு அப்போது ஆர்தர் கிராம்ப் தலைமையில் போலி வைத்தியங்களைத் துருவிக்கொண்டிருந்தது. ட்ரைக்கோவுக்குப் போய்வந்த பெண்களின் கடிதங்கள் அங்கே வந்து சேர்ந்தன. போகலாமா என்று கேட்டு எழுதியவர்களும் உண்டு, போய்விட்டு வந்து என்ன செய்வது என்று கேட்டவர்களும் உண்டு. 1929இல் சங்கத்தின் இதழ் ட்ரைக்கோவை வெளிப்படையாகக் கண்டித்தது. 1930 வாக்கில் நிறுவனம் மூடிவிட்டது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எந்திரங்கள் கைமாறின, பெயர்கள் மாறின, எக்ஸ் கதிர் என்ற சொல்லைத் தவிர்த்து வேறு அழகான பெயர்களில் தொழில் தொடர்ந்தது. 1940இல் சான் பிரான்சிஸ்கோவில் சட்டவிரோதக் கருக்கலைப்பு நடக்கும் இடம் என்று சந்தேகப்பட்டு அதிகாரிகள் துப்பறிந்தபோது அகப்பட்டது கதிர் வைத்து முடி எடுக்கும் நிலையம். சந்துக்குள், மறைவாக, பெண்கள் தலைகுனிந்து வந்துபோகும் இடம் என்பதால் வந்த சந்தேகம்.

1947இல் சிப்பொல்லாரோ, ஐன்ஹார்ன் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, அதிக முடி வளர்ச்சிக்கு எக்ஸ் கதிர் வைப்பது ஆபத்து என்றிருந்தது. ஃப்ராய்ண்ட் கண்ட புண்ணுக்கு அப்போது வயது ஐம்பது.

நீண்ட காலம் சேர்ந்த கதிர்வழிப் புற்றுநோய்க் கேஸ்களை 1970இல் எண்ணிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், பெண்களிடம் வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முடி நீக்கக் கதிரில் போய் முடிவதாகக் கணக்கிட்டார்கள். 1989இல் டொரன்டோவின் இரு மருத்துவர்கள், ரோஸனும் வால்ஃபிஷும், முகத்தில் கதிர் வைத்துக்கொண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் வந்த தோல், தைராய்டு நோய்களைத் தொகுத்து எழுதினார்கள். தைராய்டு ஏன்? தாடைக்கு விட்ட கதிர் தாடையோடு நிற்காது. கழுத்து அடுத்த வீடுதானே.

அந்த நோய்த்தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர், 'வட அமெரிக்க ஹிரோஷிமா கன்னியர்'. அணுகுண்டில் முகம் வெந்த 25 ஜப்பானியப் பெண்களை 1955இல் ஒட்டறுவைக்காக அமெரிக்கா அழைத்து வந்தபோது பத்திரிகைகள் அவர்களை ஹிரோஷிமா கன்னியர் என்றன. அதை ஒட்டி வந்த பெயர். எனக்கு இந்தப் பெயர் உறுத்துகிறது. குண்டு விழுந்த ஊரில் அந்தப் பெண்களிடம் யாரும் காசு வாங்கவில்லை.

பக்கத்து இரண்டு கேஸ்கள்

ட்ரைக்கோ மூடிய அதே சமயத்தில் அமெரிக்கக் கடைகளுக்குக் கொரெம்லு என்ற களிம்பு வந்தது. இதுவும் வலிக்காது, தடவினால் முடி கொட்டும். அதில் இருந்தது தாலியம் அசிட்டேட். எலி மருந்துக் குடும்பம். தாலியமும் மயிர்க்கால் குமிழின் செல்களைத்தான் அடிக்கும், முடியும் இரண்டு மூன்று வாரத்தில்தான் உதிரும். ஆனால் அது தோலில் தடவிய இடத்தில் நிற்காமல் ரத்தத்தில் கலந்து நரம்புகளுக்குப் போகும். கால்களில் தாங்க முடியாத வலி, பார்வைக் கோளாறு, மேலுதட்டில் தடவியவருக்குத் தலைமுடி உதிர்வு. நிறுவனம் 1932இல் திவாலானது. 1906ஆம் ஆண்டின் சட்டம் உணவுக்கும் மருந்துக்கும்தான், அழகுப் பொருளுக்கு இல்லை என்பதால் அமெரிக்க அரசால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தான் முடிந்தது. அழகுப் பொருள்களும் மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் வந்தது 1938இல்.

இன்னொரு கேஸில் அழகுக்கே இடமில்லை. இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் குடியேறிய சுமார் 20,000 குழந்தைகளுக்குத் தலைப் படர்தாமரைக்காகக் கதிர் வைத்து முடியை உதிர்த்தார்கள். அன்றைய மருத்துவ நூல்களில் இருந்த முறைதான். 1958இல் கிரிசியோஃபல்வின் மாத்திரை பூஞ்சையைக் கொல்லும் என்று தெரிந்தபின் கதிருக்கு வேலையே இல்லாமல் போனது. பாருக் மோடான் என்ற இஸ்ரேலிய ஆய்வாளரின் குழுவினர் 1974இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குழந்தைகளிடம் தலை, கழுத்துக் கட்டிகள் கூடுதலாக இருப்பது தெரிந்தது. 1994இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ட்ரைக்கோ பெண்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. பிள்ளையாக இருந்தபோது வைத்த கதிரைப் பற்றி வாய் திறந்து சொல்ல முடிந்தது. தாடி முளைத்ததால் நானே போய் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

இன்றைய நாற்காலி

ஒரு முறையைப் பற்றிக் கேட்கவேண்டியது வலிக்குமா என்பது இல்லை. அது எதை அழிக்கிறது, அதை மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது என்பதுதான். ட்ரைக்கோவின் கதிருக்கு மயிர்க்காலையும் தோலையும் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது. வேகமாகப் பெருகும் செல் எதுவோ அதை முதலில் அடித்தது, மற்றதை மெதுவாக அடித்தது.

இந்தக் கேள்வியோடு இன்றைய முறைகளைப் பார்த்தால் பலதும் தெளிவாகும். சவரம் தண்டை மட்டும் வெட்டுகிறது. வேருக்கே தெரியாது, அதனால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் கட்டுக்கதை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் குத்துகிறது, அவ்வளவே. முடி நீக்கும் கிரீமில் உள்ள தயோகிளைகோலேட், கெரட்டினில் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துத் தண்டைக் கூழாக்குகிறது. தோலின் மேலடுக்கும் கெரட்டின்தான் என்பதால் நிமிடக் கணக்கை மீறினால் எரிச்சல் நிச்சயம். நம் பழைய மருத்துவத்தில் அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்து முடி போக்கப் பூசும் முறை உண்டு. அரிதாரம் என்றால் இன்று மேடை ஒப்பனைதான் நினைவுக்கு வரும். அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம். அதிலும் முடியைக் கரைப்பது கந்தகச் சேர்மம்தான், ஆர்சனிக் கூட வரும் விஷம்.

த்ரெடிங்கும் வேக்ஸிங்கும் தண்டை வேரோடு பிடுங்குகின்றன, மயிர்க்கால் அப்படியே இருக்கும். பிரச்சினை பிறகு வருகிறது. புதிதாக முளைக்கும் முடி வாயைக் கண்டுபிடிக்காமல் தோலுக்குள்ளேயே சுருண்டால் உள்வளர் முடி. மயிர்க்காலில் கிருமி புகுந்தால் சீழ்க் கொப்புளம். சுருட்டை முடிக்காரர்களுக்கும் கறுப்புத் தோல்காரர்களுக்கும் அதன் தழும்பு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும்.

லேசர் இந்தக் கேள்விக்கு முதன்முதலாகக் கொஞ்சம் கௌரவமான பதில் சொன்னது. ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் எழுதிய கருத்து இது: சரியான அலைநீளத்தில், சரியான நேர அளவில் ஒளியைப் பாய்ச்சினால், நிறமி உள்ள இலக்கு மட்டும் சூடாகி அழியும், சுற்றியுள்ள தோல் அந்தச் சூட்டை ஆற்றிக்கொள்ளும். முடியின் மெலனின்தான் இங்கே இலக்கு. இது எக்ஸ் கதிரைப் போன்ற அயனியாக்கும் கதிர் இல்லை என்பதால் ட்ரைக்கோவின் புற்றுநோய்ப் பூதத்தை இதன் மேல் ஏற்ற முடியாது. வளர்நிலை முடிதான் அகப்படும் என்பதால் பல தடவை போக வேண்டும், அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. நரைத்த முடியில் மெலனின் இல்லை, அங்கே லேசர் தோற்கும்.

நம் தோலுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மெலனின் முடியில் மட்டுமா இருக்கிறது? மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மேலடுக்கே நிறமியால் நிறைந்திருக்கும். வெள்ளைத் தோலுக்கு வசதியான 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரை அதே அளவில் இங்கே அடித்தால் தோலே இலக்காகி வெந்துபோகும். தோல் மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் நமக்குப் பெரும்பாலும் ஏற்றது, அதுவும் குளிர்விப்போடு. சிலருக்கு, முக்கியமாக முகத்தில், லேசர் பட்ட ஓரங்களில் முடி கூடுதலாக முளைப்பதும் உண்டு. அமெரிக்க மருந்து நிர்வாகம் லேசரை நிரந்தர முடிக் குறைப்பு என்று சொல்ல அனுமதிக்கிறது, நிரந்தர முடி நீக்கம் என்று சொல்ல விடாது. அந்தப் பட்டம் இன்றுவரை 1875இன் மின்னூசிக்குத்தான்.

தெருமுனை நிலையங்களின் பலகையில் 'வலியில்லை, நிரந்தரம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே போய் அலைநீளம் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்டும் இருக்கிறேன். "நல்ல மெஷின் சார்" என்று பதில் வந்தது.

இனி வியன்னாச் சிறுமி. அவள் முதுகுப் புண் கடைசியில் ஆறியது. வளர்ந்தாள், வாழ்ந்தாள். ட்ரைக்கோ வந்ததும் போனதும், ராண்ட்கன் அலகு வந்ததும், ஹிரோஷிமாவும் எல்லாம் அவள் ஆயுளுக்குள் நடந்தன. முதல் கதிர் பட்டு எழுபது ஆண்டு கழித்து, 1966இல், மருத்துவர்கள் அவருடைய கேஸை மறுபடி எழுதினார்கள். எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி. முதுகு வளைந்திருந்தது, எலும்பு நலிந்திருந்தது, ஃப்ராய்ண்ட் இரண்டாவதாகக் கதிர் வைத்த இடத்தில் தழும்பு அப்படியே இருந்தது.